மேலே இருந்திருக்க வேண்டிய இரண்டு வரிகள்

காலையில் நீங்கள் வாங்கித் தந்த ரசவடை நன்றாக இருந்தது மேடம். இன்னும் கொஞ்சம் ஊறியிருக்கலாம். ஆனால் அது கடைக்காரர் தவறு இல்லை, வாங்கப் போன கான்ஸ்டபிள் சீக்கிரம் திரும்பிவிட்டார். நடந்ததைக் கைப்பட எழுதித் தாருங்கள், அவசரமில்லை என்றீர்கள். பேனா பிடித்து எழுதி வருஷக்கணக்காகிறது. கையெழுத்து கோழி கிண்டியதுபோல இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுத்துப்பிழை மட்டும் இருக்காது, அதற்கு நான் பொறுப்பு.

என் பெயர் கோலப்பன். வீடு இரணியல் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரம்தான். நாகர்கோவிலில் ஒரு மாடியில் நடக்கிற சின்னக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே ரிவியூ பார்க்கிறேன். மற்றவர்கள் எழுதுகிற கணினி நிரலை வரி வரியாகப் படித்து, பிழை இருந்தால் பக்கத்தில் குறிப்பு எழுதி, எல்லாம் சரியானபிறகு ஓக்கே கொடுப்பவன் நான். என் ஓக்கே இல்லாமல் ஒரு வரியும் கருவிக்குள் போகாது. அதிலும் நான் பார்ப்பது டிரைவர் நிரல். கணினியின் அடிமட்டத்தில் உட்கார்ந்துகொண்டு, மேலே இருக்கிற மென்பொருள் கேட்பதைக் கீழே இருக்கிற சில்லுகளிடம் வாங்கித் தருகிற பகுதி அது. மாப்பிள்ளைக்கு டிரைவர் சம்பந்தப்பட்ட வேலை என்று கேள்விப்பட்டு, கல்யாணப் பேச்சின்போது அஜிதாவின் சித்தப்பா எனக்கு டாக்ஸி ஓட்ட பேட்ஜ் இருக்கிறதா என்று கேட்டார். அஜிதா என் மனைவி. அவள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

பிழை எனக்குத் தானாகக் கண்ணில் படும். தேடவே வேண்டாம். கல்யாணக் கார்டு கொடுக்க வருகிறவர்கள் அதை என் கையில் தராமல் அஜிதாவிடம் தந்துவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிவிடுவார்கள். ஒருமுறை சொந்தக்காரர் ஒருவரின் பதினாறாம் நாள் கார்டில் இறந்த தேதி தப்பாக இருந்ததை நான்தான் சொன்னேன். அவர்கள் சந்தோஷப்படவில்லை. ஆனால் தப்பு தப்புதானே.

கம்பெனி டிஜோவுடையது. வளைகுடாவில் எண்ணெய்க் கிணறுகளில் கருவிகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஊருக்கு வந்தவர். கடலுக்குப் போகிற வள்ளங்களில் கட்டிவைக்க ஒரு பெட்டி செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. மூடியைத் திறந்தால் உள்ளே ஒரே ஒரு சிவப்பு பட்டன். ஆபத்து என்றால் அமுக்க வேண்டும். பெட்டி தான் இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்து செயற்கைக்கோளுக்குச் சொல்லும், அது கரையில் எங்கள் திரைக்கு வரும், நாங்கள் உடனே தேடுகிறவர்களை அனுப்புவோம். அமுக்காதவரை பெட்டி தூங்கிக்கொண்டே இருக்கும். அப்போதுதான் பேட்டரி நீண்ட நாள் வரும். பெட்டி சும்மா இருந்தால் கடலில் எல்லாம் நலம் என்று பொருள். அதுதான் எங்கள் ஏற்பாடு.

பெட்டிக்கு டிரைவர் எழுதியவன் லிஜின். குளச்சலுக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊர்ப் பையன், கல்லூரி முடித்து ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். அவன் அப்பா ததேயுஸ் வள்ளக்காரர். பெட்டி யாருக்காக என்பது கம்பெனியில் மற்ற எல்லோரையும்விட அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். என்னை அண்ணே என்று கூப்பிடுவான். அவன் அனுப்புகிற நிரலில் இங்கே இடைவெளி அதிகம், இந்தப் பெயர் நீளம், இந்த விளக்கத்தில் எழுத்துப்பிழை என்று பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதுவேன். மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். அவன் "செரி அண்ணே" என்று ஒவ்வொன்றாகத் திருத்தி அனுப்புவான். எனக்கு அவனை மிகவும் பிடிக்கும். இப்போதும் பிடிக்கும்.

என்னிடம் ஒரு வழக்கம் உண்டு. குறிப்புகளை எழுதின கையோடு அனுப்பமாட்டேன். ரிவியூ பக்கத்தில் அவற்றை வரைவாக வைத்துக்கொள்ள வசதி இருக்கிறது. எழுதி எழுதிச் சேர்த்துவைத்து, கடைசியில் மொத்தமாக அனுப்பலாம். அதுவரை அவை எனக்கு மட்டுமே தெரியும். ஒன்றொன்றாக அனுப்பிப் பிறரைத் தொந்தரவு செய்வது நாகரிகமில்லை என்று நினைப்பேன்.

போன வருஷம் லிஜின் ஒரு காரியம் செய்தான். நான் வழக்கமாகச் சொல்கிற திருத்தங்களையெல்லாம் எடுத்து, அவற்றைத் தானாகவே பார்த்துச் சொல்கிற ஒரு சின்ன நிரலை எழுதிவிட்டான். யார் எதை அனுப்பினாலும் அது நொடியில் படித்து, இடைவெளி, பெயர், எழுத்து எல்லாவற்றையும் சொல்லிவிடும். கூட்டத்தில் எல்லோருக்கும் காட்டினான்.

"அண்ணனுக்க கஷ்டம் கொறையட்டும்னுதான் செஞ்சேன். இனி அண்ணன் பெரிய விஷயம் மட்டும் பாத்தா போரும்" என்றான்.

சோதனை பார்க்கிற ஜாஸ்மி, "இதுக்கு கோலப்பண்ணன்னே பேரு வைப்போம்" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அன்றிலிருந்து குழுவில் கோலப்பண்ணன் ஓக்கே சொல்லியாச்சு, கோலப்பண்ணன் இன்னைக்கு கலிப்புல இருக்காரு, எல்லாரையும் ஏசுதாரு என்று ஒரே சிரிப்பு. ஒருநாள் ஜாஸ்மி, "கோலப்பண்ணன் ரெண்டு செகண்டுல முடிச்சாரு, இனி மத்தவரு ரெண்டு நாளு எடுப்பாரு" என்று எழுதினாள். மற்றவர் என்றால் நான். கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை, அவள் நல்ல பெண். லிஜின் அதற்குக் கீழே சிரிக்கிற முகம் போட்டிருந்தான். அது எனக்கு வலித்தது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அஜிதா வாயுத் தொல்லை என்று நினைத்து வெள்ளைப்பூண்டு சுட்டுத் தந்தாள்.

இனி முக்கியமான பகுதி. கவனமாக எழுதுகிறேன், உங்களுக்குப் புரியாமல் போகாது.

பெட்டிக்குள் மின்சாரத்தைப் பங்கு வைக்கிற ஒரு சில்லு இருக்கிறது. செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்புகிற ரேடியோவுக்கு இவ்வளவு வோல்டேஜ், இடத்தைக் காட்டுகிற பகுதிக்கு இவ்வளவு என்று எது வேண்டுமோ அதை அந்தச் சில்லிடம் கேட்டு வாங்க வேண்டும். கேட்கிற ஒவ்வொரு தடவையும் பேட்டரி கொஞ்சம் தேயும். வீட்டிலிருந்து கடைக்கு சீனிக்கு ஒரு நடை, சோப்புக்கு ஒரு நடை என்று போனால் செருப்புத் தேய்வதுபோலத்தான். அதனால் கோரிக்கைகளைச் சேர்த்துவைத்து ஒரே நடையில் கேட்கும்படி லிஜின் மாற்றி எழுதினான். ஒரு கோரிக்கை வந்தால் டிரைவர் அதைப் பட்டியலில் சேர்க்கும். குறித்துக்கொண்டேன் என்று பதில் சொல்லும். அந்தப் பதில் வந்ததும் பட்டன் பக்கத்தில் பச்சை விளக்கு எரியும். கூடவே ஒரு டைமர் ஓடத் தொடங்கும், அது முடிந்ததும் பட்டியலில் இருப்பதெல்லாம் மொத்தமாகச் சில்லுக்குப் போகும். அழகான வேலை. மனதுக்குள் பாராட்டினேன்.

பெட்டி தூங்கப் போகிற இடத்தில்தான் தவறு இருந்தது. தூங்குவதற்கு முன்னால் பட்டியலில் மீதி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகு டைமரை நிறுத்துவதாக எழுதியிருந்தான். பார்ப்பதற்கும் நிறுத்துவதற்கும் நடுவில் ஒரு கண்ணிமைப்பு நேரம் இருக்கிறது. சரியாக அந்த நேரத்தில் ஒரு கோரிக்கை வந்தால் அது பட்டியலில் ஏறும், பச்சை விளக்கு எரியும், உடனே டைமர் நின்றுவிடும், பெட்டியும் தூங்கிவிடும். கோரிக்கை அப்படியே கிடக்கும். இன்னொரு கோரிக்கை வந்து எழுப்பினால்தான் உண்டு. முதலில் வாசலைப் பூட்டிவிட்டு, பிறகுதான் உள்ளே பார்க்க வேண்டும். டைமரை நிறுத்துகிற இரண்டு வரிகள் மேலே இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

பக்கத்தின் தலையில், கோலப்பண்ணன்: பிழை ஒன்றும் இல்லை என்று ஒரு பச்சை டிக் இருந்தது. அதற்குக் கீழே என் பெயர் காலியாகக் காத்துக்கொண்டிருந்தது. நான் குறிப்பை எழுதினேன். எந்த வரி எங்கே போக வேண்டும், ஏன் போக வேண்டும் என்று தெளிவாக எழுதினேன். என் குறிப்புகளிலேயே சிறந்தது அது என்றுகூடச் சொல்வேன். ஆனால் அனுப்பவில்லை.

ஏன் என்று நீங்கள் கேட்டீர்கள். எனக்கு இருந்தது ஒரு சின்ன ஆசை. டிஜோ முன்னால் மேஜையில் வைத்து ஜாஸ்மி பட்டனை அமுக்க வேண்டும், ஒன்றுமே நடக்கக் கூடாது, எல்லோரும் முழிக்க வேண்டும். கோலப்பண்ணன் ஓக்கே சொன்னாரே என்று யாராவது கேட்க வேண்டும். அப்புறம் மற்றவரைக் கூப்பிட வேண்டும். நான் போய் இரண்டு வரியை மேலே தூக்கி வைப்பேன். இதில் யாருக்கு என்ன கெடுதல்? மேஜைமேல் ஒரு பெட்டி ஒருமுறை பேசாமல் இருந்தால் போதும் எனக்கு. அதனால் நன்றாக இருக்கிறது என்று எழுதி ஓக்கே கொடுத்தேன்.

பெட்டியை டிஜோவுக்குச் செய்து காட்டுகிற நாளன்று நானும் நாகர்கோவிலுக்குப் போனேன், புதுச் சட்டை போட்டுக்கொண்டுதான். ஜாஸ்மி மூடியைத் திறந்தாள். போன் கேமராவைச் சரிசெய்தாள். எல்லாரும் ரெடியா என்று கேட்டாள். டிஜோவுக்குத் தும்மல் வந்தது, அது முடியக் காத்திருந்தாள். அப்புறம் அமுக்கினாள். நொடியில் திரையில் இடம் தெரிந்தது. மறுபடியும் மறுபடியும் செய்து பார்த்தார்கள், ஒருமுறைகூடத் தப்பவில்லை. பழம்பொரி வந்தது, எல்லோரும் சாப்பிட்டோம்.

பழம்பொரி தின்றுகொண்டிருக்கும்போதுதான் ஏன் தப்பவில்லை என்று எனக்குப் பிடிபட்டது. மூடியைத் திறந்ததும் பெட்டி விழித்து, பேட்டரியை ஒருமுறை சோதித்துவிட்டு, வேறு வேலை இல்லையென்றால் உடனே தூங்கப் போய்விடும். நான் சொன்ன அந்தக் கண்ணிமைப்பு அங்கேதான் வருகிறது. ஜாஸ்மி அமுக்கும்போது பெட்டி தூங்கி முடித்து நேரமாகிவிட்டிருக்கும். தூங்கினபிறகு அமுக்கினால் ஒழுங்காக எழுந்துகொள்ளும். திறந்த கையோடு அமுக்குகிறவனுக்குத்தான் அது தப்பும். மேஜையில் யாரும் அப்படி அமுக்கமாட்டார்கள். அப்படி அமுக்க உயிர்ப்பயம் வேண்டும். பிழையின் நேர்த்தியை நினைத்து எனக்கு ஆச்சரியமாகவே இருந்தது. அதையும் குறிப்பில் ஒரு பத்தியாகச் சேர்த்து வரைவில் வைத்தேன்.

முதல் பெட்டியைத் தன் அப்பாவின் வள்ளத்தில்தான் கட்ட வேண்டும் என்று லிஜின் பிடிவாதமாகச் சொல்லிவிட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு அப்பாவைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். ததேயுஸை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். நல்ல ஆகிருதி, வாய் நிறையச் சிரிப்பு. கையில் இலையில் பொதிந்த ஒரு பெரிய நெய்மீன்.

"எனக்க மவன் சொல்லுவான், எழுதுறது நானு, ஆனா காவல் அண்ணன்தான்னு. அதான் ஆள ஒருக்கா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, மகனுக்குக் கேட்காதமாதிரி, "சத்தியமா சொல்லணும் சாரே. நடுக்கடல்ல கெடந்து விளிச்சா இது கேக்குமா? நீங்க நல்லா பாத்தியளா?" என்று கேட்டார்.

"பாத்தேன். கொள்ளாம், நல்லா இருக்கு" என்றேன்.

"பின்ன எனக்குப் பயமில்ல" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என்ன மனுஷன், உள்ளே வந்ததும் வீடே நெறஞ்சு போச்சு என்று அவர் போனபிறகு அஜிதா சொன்னாள். மீன் மிகவும் நன்றாக இருந்தது. பாதியைப் பொரித்தாள், பாதியைத் தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்தாள்.

எனக்கு மனசாட்சி இல்லை என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. அன்று மாலையே குறிப்பை அனுப்பிவிடுவோம் என்று லேப்டாப்பைத் திறந்தேன். குழுவில் ஜாஸ்மி ஒரு கேக் படம் போட்டிருந்தாள். கோலப்பண்ணன் வந்து ஒரு வருஷம் ஆகிறதாம், அதற்குப் பிறந்தநாளாம். லிஜின் அதற்கு ஒரு மெழுகுவர்த்தி வரைந்து சேர்த்திருந்தான். என் பிறந்தநாள் அதற்கு முந்தின மாதம் வந்து போயிருந்தது, யாருக்கும் தெரியாது. லேப்டாப்பை மூடிவிட்டேன்.

அப்புறம் மூடியின் உட்புறம் ஒட்டுவதற்கான ஸ்டிக்கர் வந்தது. தமிழ் சரியா என்று பார்த்துத் தரச் சொல்லி டிஜோ எனக்கு அனுப்பினார். பச்சை விளக்கு எரிந்தால் உங்கள் அழைப்பு போய்விட்டது, மறுபடி அமுக்க கூடாது, பெட்டியை விட்டு விலக வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். சும்மா சும்மா அமுக்கி பேட்டரியைத் தீர்த்துவிடுவார்களோ என்று டிஜோவுக்குக் கவலை. அமுக்க என்பதற்குப் பிறகு ஒரு க் விட்டுப்போயிருந்தது. அதைச் சேர்த்து, வேறு பிழை இல்லை என்று திருப்பி அனுப்பினேன். என்னிடம் கேட்டது தமிழ் சரியா என்றுதான்.

ஆடி மாதம் காற்று பிடித்தது. ததேயுஸும் கூட்டாளி இஞ்ஞாசியும் வள்ளம் இறக்கிப் போனார்கள். மறுநாள் காலை நான் இன்னொருவரின் நிரலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது லிஜின் கூப்பிட்டான். கடற்கரையில் நிற்கிறான் போலிருந்தது, காற்றுச் சத்தத்தில் குரல் விட்டுவிட்டு வந்தது.

"அண்ணே, அப்பா இன்னும் கரை சேரல்ல. கூடப் போன வள்ளம் எல்லாம் வந்தாச்சு. ஸ்கிரீன்ல ஒண்ணும் இல்ல. அமுக்கியிருந்தா வந்திருக்கும், இல்லியா?"

"வரல்லன்னா அமுக்கல்லன்னு அர்த்தம் மக்கா" என்றேன்.

"எல்லாரும் வள்ளம் எடுத்துத் தேடப் போவோம்னு நிக்கிறாவ. நான்தான், பெட்டி சும்மாதான இருக்கு, அண்ணன்கிட்ட ஒருக்கா கேப்போம்னு சொன்னேன். கடல் வேற மோசமா கெடக்கு. போணுமா அண்ணே?"

"பெட்டி சும்மா இருக்கும்போ எதுக்கு வெப்ராளம்? பயப்படாத. எஞ்சின் மக்கர் பண்ணியிருக்கும். பைய வருவாரு."

"செரி அண்ணே" என்றான்.

நான் சொன்னது எங்கள் ஏற்பாட்டின்படி சரியான பதில்தான். கம்பெனியில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையே சொல்லியிருப்பார்கள். வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உங்களுக்கு எப்படித் தெரியும், எப்போது தெரியும், ஏன் சொல்லவில்லை என்று பேச்சு வள்ளத்தை விட்டுவிட்டு என்மேல் திரும்பியிருக்கும். ஒரு அவசரமான நேரத்தில் அந்தக் குழப்பம் தேவையா? போனை வைத்துவிட்டு வரைவில் இருந்த குறிப்பை எடுத்து ஒருமுறை படித்தேன். ஒரு சொல் கொஞ்சம் கடுமையாகப் பட்டது, மாற்றினேன். பிறகு சாப்பிடப் போனேன்.

அன்று பகல் முழுக்க யாரும் தேடப் போகவில்லை. அதற்கு மறுநாள் காலையில் தேங்காப்பட்டணத்திலிருந்து மீன்பிடிக்கப் போன ஒரு வள்ளம் இஞ்ஞாசியைத் தூக்கிக்கொண்டு வந்தது. கவிழ்ந்த வள்ளத்தின்மேல் அவர் மட்டும்தான் கிடந்தார். பெட்டியையும் கூடவே எடுத்துவந்தார்கள். பச்சை விளக்கு அப்போதும் எரிந்துகொண்டிருந்ததாம். இஞ்ஞாசியை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். லிஜினும் டிஜோவும் இருந்தார்கள். உப்புத் தண்ணீரில் அவர் உதடெல்லாம் வெடித்திருந்தது. ஆனாலும் சொல்லவேண்டும் என்ற வெறியில் சொன்னார்.

"விடியதுக்கு முன்ன அல அடிச்சு வள்ளம் கவுந்துச்சு. மேல பிடிச்சு ஏறிட்டோம். ததேயுஸ் ஒத்தக் கையால மூடியத் தொறந்தான், தொறந்த வாக்குல ஒரே அமுக்கு. பச்ச எரிஞ்சு. இன்னொருக்கா அமுக்குடேன்னேன். வேண்டாம்னு எழுதியிருக்கு, எனக்க மவன் கேட்டாச்சுன்னான். மத்தியானம் தூரத்துல ஒரு போட்டு போச்சு. நீந்திப் போய்ப் பிடிச்சிருவோம்னேன். அவனால முடியும், நல்ல நீச்சக்காரன். போவமாட்டேன்னுட்டான். பெட்டிய விட்டுட்டுப் போனா மவன் நம்மள எங்க வந்து தேடுவான்னான். ராத்திரி கடேசியா கை விட்டுப் போச்சு. அது வரைக்கும், வாறான் வாறான்னு சொல்லிட்டேதான் கெடந்தான்."

லிஜின் பெட்டியை வாங்கிக்கொண்டு போனான், உள்ளே இருந்ததைப் படித்தான். பட்டியலில் ஒரே ஒரு கோரிக்கை கிடந்தது. ரேடியோவுக்கு வோல்டேஜ் வேண்டும் என்கிற கோரிக்கை. அவனுக்கு அதன் காரணம் புரியக் கொஞ்ச நேரம்தான் ஆனது. கெட்டிக்காரன். எழுந்து வந்து எல்லோருக்கும் முன்னால், "நான் எழுதுன புரோகிராம்தான் எனக்க அப்பனக் கொன்னுச்சு" என்றான். அவன் அம்மாவிடமும் அதையே சொன்னான். உடலே கிடைக்காமல் கோயிலில் பூசை நடந்தபோதும் அதையே சொல்லிக்கொண்டு நின்றான். இப்போது கம்ப்யூட்டரைத் தொடுவதில்லை. கடற்கரையில் போய் உட்கார்ந்திருக்கிறான், சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறான், இல்லாவிட்டால் இல்லை. அவனைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. வாரம் தவறாமல் போய்ப் பார்த்தேன்.

அவனுக்கு ஒரே ஒரு ஆறுதல்தான் மீதி இருந்தது. நான் போகும்போதெல்லாம் அதைத்தான் கேட்பான். "அண்ணனே பாத்துக் கண்டுபிடிக்க முடியாத தப்பு. அப்பம் அத ஒருத்தனாலயும் கண்டுபிடிச்சிருக்க முடியாது, இல்லியா அண்ணே?" அவன் அம்மாவும் அதையே சொல்லி அவனுக்குச் சோறு ஊட்டுவாள். பெரிய பெரிய பிழையெல்லாம் பிடிக்கிற இரணியல் சாருக்கே தெரியல்லியே, நீ என்ன மக்கா செய்வ என்பாள். பங்குச் சாமியார்கூட என்னைக் கைகாட்டி அதையே சொன்னார். நானும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எத்தனை வாரம்தான் ஒரு மனுஷன் தலையாட்டுவான் மேடம்? ஊரில் சின்னப் பிள்ளைகள்வரை அந்தப் பேச்சு போய்விட்டது. அந்தச் சாருக்கே தெரியவில்லையாம், அந்தச் சாருக்கே தெரியவில்லையாம்.

போன வாரம் டிஜோ விசாரணைக்கான அறிக்கை எழுதி, எல்லோரும் படித்துப் பார்க்க அனுப்பினார். நன்றாகத்தான் எழுதியிருந்தார். லிஜின்மேல் பழி விழாமல் பக்குவமாக எழுதியிருந்தார். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி. மூத்த ரிவியூவர் கோலப்பன் உட்பட எவர் கண்ணிலும் படாத பிழை இது. அதைப் படித்தபிறகு என்னால் வேறு எதிலும் மனம் செலுத்த முடியவில்லை. குளிக்கும்போதும் அந்த உட்பட, சாப்பிடும்போதும் அந்த உட்பட. அஜிதா மறுபடியும் வெள்ளைப்பூண்டு எடுத்து வந்தாள், வேண்டாம் என்றேன். இன்று காலை தக்கலை பஸ் பிடித்து, அங்கிருந்து கேட்டுக் கேட்டு உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

என் லேப்டாப் உங்கள் மேஜையில் இருக்கிறது. பாஸ்வேர்டைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். வரைவுகள் என்று ஒரு பகுதி இருக்கும், அதைத் திறந்தால் என் குறிப்பு இருக்கும், எழுதிய தேதியோடு. நிரல் என்னிடம் வந்த அன்றைய தேதிதான் அது. பெட்டி கடலுக்குப் போவதற்கு ரொம்ப முன்னால். வேறு யாரை வேண்டுமானாலும் வைத்துச் சரிபாருங்கள், அதில் ஒரு சொல்கூடத் தவறாக இருக்காது.

நீங்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, இது தெரிந்தால் அந்தப் பையனுக்கு மிச்சமிருக்கிற ஆறுதலும் போய்விடுமே என்று கேட்டீர்கள். போகட்டும் மேடம். பொய்யைப் பிடித்துக்கொண்டு அவன் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பான். அவனுக்கு உண்மை தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் நான் யாரும் கூப்பிடாமல் வந்தேன். ததேயுஸ் கேட்டபோது பார்த்தேன் என்று சொன்னேன், அது பொய் இல்லை. பார்த்தேன். அந்த வள்ளம் போகும்போதும் தெரியும், லிஜின் போன் பண்ணும்போதும் தெரியும், அவர் பட்டனை அமுக்கிவிட்டு மகனுக்காகக் காத்துக்கொண்டிருக்கலாம் என்பதும் தெரியும். என்ன வழக்கு வேண்டுமானாலும் போடுங்கள், எந்தப் பிரிவு வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். டிஜோவின் அறிக்கையில் அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிட்டு, அந்தப் பிழை கோலப்பன் கண்ணில் முதல் நாளே பட்டுவிட்டது என்று போடச் சொல்லுங்கள்.